இன்ஸ்பெக்‌ஷனுக்கு அடித்த பெயிண்ட்

மூடிக்கிடக்கும் அந்த நூற்பாலையில் இப்போது வேலை என்று இருப்பது ஒரே ஒருத்திக்குத்தான். கேட்டைத் திறப்பாள், கேட்டைப் பூட்டுவாள், நடுவில் உள்ளே ஆடுமாடு புகுந்தால் விரட்டுவாள். ஊரே அவளைக் கேட்டம்மா என்று கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கல்யாணமாகி வந்த வருஷமே நூல் சுற்றும் பிரிவில் சேர்ந்தாள். அறுந்த நூலைப் பிடித்து முடிபோடுகிற வேகத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாயும் கூடவே ஓடும். மேஸ்திரி வந்து பேச்சைக் குறை என்றால், "கையைப் பாருங்க மேஸ்திரி, வாயை ஏன் பாக்கறீங்க?" என்பாள். சுத்தம் என்றால் உயிர். சாப்பிட்ட தட்டை நாம் கீழே வைப்பதற்குள் பிடுங்கிக் கழுவிவிடுகிற ரகம். ஆலை மூடியபோது ஆளாளுக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இவளும் இவள் புருஷனும் கிளம்பவில்லை. போக்கிடம் இருந்தால் அல்லவா கிளம்ப? சாவியைக் கையில் கொடுத்து, பார்த்துக்கொள் என்றார்கள். பார்த்துக்கொண்டாள்.

புருஷன் இஞ்சின்காரர். கடைசிவரை ஆலையின் ஒரு பிரிவை ஓட்டியது பழைய நீராவி இஞ்சின். அந்த இஞ்சினை ஓட்டியது இவர். இரைச்சலில் காது போனது, இரும்புப் படியில் ஏறி இறங்கியே முட்டி போனது, கோபம் மட்டும் போகவில்லை. காது கேட்காத மனிதர் பேசினால் எப்படியிருக்கும்? உப்பு இருக்கிறதா என்று கேட்பதுகூடத் தெருவுக்குக் கேட்கும்.

இஞ்சின் ரூமின் பின்சுவரோடு ஒட்டிய இரண்டு அறைகள்தான் வீடு. உள்ளறை ஜன்னலைத் திறந்தால் அந்தப் பக்கம் இஞ்சின். நகர முடியாமல் போனதிலிருந்து அவர் நாற்காலி அந்த ஜன்னலோரமே. "டிவியாட்டம் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்" என்று சொல்லிக்கொண்டே அவள் தலையணையைச் சரிசெய்து வைப்பாள்.

கடனில் மூழ்கிய ஆலை வங்கியின் கைக்குப் போய், வங்கி அதை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. அளவு டேப்போடு யார் யாரோ வந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஓர் அதிகாரி வந்து விஷயத்தைச் சொன்னார். பழைய ஆலைகளைப் பாதுகாக்க அரசாங்கம் ஒரு நிதி வைத்திருக்கிறதாம். இந்த இஞ்சின் ரூமும் வெளியே நிற்கும் புகைபோக்கியும் பரிசீலனையில் இருக்கின்றனவாம். நிதி கிடைத்துவிட்டால் இஞ்சின் ரூமை யாரும் இடிக்க முடியாது. "அது நின்னா, ஒட்டியிருக்கிற உங்க வீடும் நிக்கும். பாத்துக்க ஆள் வேணும்ல, நீங்களே இருங்க" என்றார். கிடைக்காவிட்டால்? அதை அவர் சொல்லவில்லை. அளவு டேப் பிடித்தவர்களைப் பார்த்தவளுக்குச் சொல்ல வேண்டுமா என்ன.

அன்று முதல் கேட்டம்மாவுக்குத் தூக்கமில்லை. மகள் இருப்பது மாமியாரோடு, ஒண்டுக்குடித்தனம். அங்கே இவர்கள் போய் நின்றால் சம்பந்தியம்மாள் முகம் போகிற போக்கைக் கண்கொண்டு பார்க்க முடியாது. வாடகைக்குப் பார்த்தால் எல்லாம் மாடி. முட்டி போன மனிதரை எந்த மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது?

முதலில் அந்த நிதிக்காக இடத்தைப் பார்த்து எழுத ஒரு நிபுணர் வந்தாள். சின்னப் பெண், கழுத்தில் கேமரா. இஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இஞ்சினில் பச்சைப் பெயிண்ட் ஓடு ஓடாக உரிந்து, அதன் நடுவே யாரோ எந்தக் காலத்திலோ கையால் இழுத்த பொன்னிறக் கோடு மங்கலாகத் தெரிந்தது. சுவரெல்லாம் கரிக்கட்டிக் கிறுக்கல்: ஷிப்ட் கணக்கு, வசவு, ஒரு மீசைக்காரப் படம். எல்லாவற்றையும் படம் பிடித்துவிட்டு, வாய்நிறையச் சிரிப்போடு சொன்னாள்: "எப்படி இருந்ததோ அப்படியே விட்டு வச்சிருக்கீங்களேம்மா! யாரும் கையே வைக்கலை போல!"

கேட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. சுத்தக்காரியின் வீட்டுக்கு வந்து இப்படி ஒரு வார்த்தையா? நிபுணர் சிரித்துக்கொண்டே குத்திவிட்டுப் போகிறாள் என்றே எடுத்துக்கொண்டாள். அடுத்த தடவை குழுவாக வருவோம் என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"மானம் போச்சுங்க" என்று புருஷன் காதில் கத்தினாள். "ஒரு துடைப்பம்கூடப் படலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறா. அடுத்து பெரிய ஆளுங்கல்லாம் பாக்க வராங்களாம்."

"இன்ஸ்பெக்‌ஷனா?" இஞ்சின்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த முகத்தில் ரத்தம் ஓடியது. "இன்ஸ்பெக்‌ஷன்னா பெயிண்ட்! இது தெரியாதா உனக்கு?"

தெரியாமல் என்ன? பாய்லர் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றாலே ஆலை அல்லோலகல்லோலப்படும். பாய்லருக்குக் கறுப்பு, பைப்புக்குச் சிவப்பு, கைப்பிடிக்கு மஞ்சள். ஈரம் காயாத மஞ்சளில் ஓர் இன்ஸ்பெக்டர் கைவைத்துவிட்டு, அதே கையோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஓடுகிற இஞ்சினுக்கு மட்டும் அந்த யோகம் கிடைத்ததில்லை. அதற்கு எண்ணெய்த் துணியோடு சரி. "இந்தத் தடவை அவளுக்கும் புதுசு உடுத்திருவோம்" என்றார் இஞ்சின்காரர். அவருக்கு இஞ்சின் எப்போதும் அவள்தான்.

கொழுந்தன் கட்டடப் பெயிண்டர். அண்ணி கூப்பிட்டதும் வாளியும் பிரஷ்ஷுமாக வந்து நின்றான். ஆலையின் பழைய ஆட்களும் சொல்லியனுப்பாமலே வந்துவிட்டார்கள். "பழசைச் சுரண்டாம அடிச்சா நிக்காது அண்ணி" என்றான் கொழுந்தன். சுரண்டினார்கள். காஸ்டிக் சோடாவை ஊற்றி ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்கள். பச்சை போனது, பொன்கோடு போனது, வெறும் இரும்பு பல்லை இளித்தது. அதன்மேல் வெள்ளிப் பெயிண்ட், சக்கரத்துக்குச் சிவப்பு. இஞ்சின்காரர் ஜன்னல் வழியே, "அந்த மூலை! அந்த மூலைடா குருட்டுப் பயலே!" என்று கத்திக்கொண்டே இருந்தார். இஞ்சினைச் செய்த கம்பெனியின் பெயர் போட்ட பித்தளைத் தகட்டைக் கேட்டம்மா யாரையும் தொடவிடவில்லை. ஆசிட் ஊற்றி, மண் போட்டு, தானே தேய்த்தாள். பொறித்திருந்த எழுத்து தேய்ந்ததே தவிர, முகம் பார்க்கலாம் போல் பளபளத்தது.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்முன் ஆளுக்கொரு கிறுக்கலைப் படித்துச் சிரித்தார்கள். "இந்த மீசையை எவன் வரைஞ்சது?" என்று கேட்டதற்கு, பஞ்சு மூட்டை தூக்கிய பெரியவர் ஒருவர் நெளிந்தார். "இந்த வயசுல வெக்கமா இல்லை? வர்றவங்க பாத்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்று சொல்லி, அதன்மேல் முதல் பிரஷ்ஷை இழுத்தவள் கேட்டம்மாதான். எல்லாம் முடிந்ததும் கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஆலை மூடியபிறகு அவ்வளவு சந்தோஷமாக அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

குழு வந்த அன்று இஞ்சின்காரருக்கு வெளுத்த சட்டை போட்டு ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அதிகாரிகளை முன்னே விட்டுக் கதவைத் திறந்தாள். நிபுணர் பெண் ஓரடி உள்ளே வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கை வாய்க்குப் போனது.

"யாரும்மா இதைப் பண்ணினது?"

"நாங்கதான் மேடம்."

"அந்தப் பச்சை?"

"சுரண்டிட்டோம் மேடம். துளிகூட விடலை." இதையும் பெருமையாகத்தான் சொன்னாள். பாவி மனுஷி, அந்தப் பெண்ணின் கண் கலங்கியதைப் பார்த்தபிறகுதான் குரல் இறங்கியது.

நிபுணர் சுவரைத் தடவிப் பார்த்தாள். விரலெல்லாம் சுண்ணாம்பு. "அந்தப் பச்சையையும் கிறுக்கலையும் காட்டத்தான்மா இவங்களைக் கூட்டிட்டு வந்தேன். வேலை செஞ்சவங்க கைபட்ட இடம் அப்படியே இருக்குன்னு எழுதிக் கொடுத்திருந்தேன். பழசு இருந்தாத்தான் நிதி. இப்ப இங்க பழசுன்னு என்ன இருக்கு?"

கேட்டம்மா அந்தச் சுண்ணாம்பு விரல்களையே பார்த்தாள். "தொடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மேடம்?"

"சொல்லியிருக்கணும்" என்றாள் அந்தப் பெண். "இப்படிப் பண்ணுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்லைம்மா."

பெரிய அதிகாரி வெளியே வந்து புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். "இதுல கை வச்சீங்களா?"

"இல்லை சார்" என்றான் கொழுந்தன், தலையைச் சொறிந்துகொண்டு. "ஏணி எட்டலை. மன்னிச்சுக்கோங்க."

இதில் யாரைத் திட்டுவது சொல்லுங்கள். வருகிறவர்களுக்கு வீட்டைத் துடைத்து வைக்காத மனுஷி உலகத்தில் உண்டா? சொல்லாமலே தெரியும் என்று அந்தப் பெண் நினைத்தாள், கேட்காமலே தெரியும் என்று இவள் நினைத்தாள். நடுவில் போனது வீடு.

குழு போனதும் இஞ்சின்காரர் ஜன்னலில் இருந்து கூப்பிட்டார். சிரித்த முகம். "பாத்தியாடி! அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு நின்னுட்டாளே! அசந்து போயிட்டா!" காது கேட்காதவருக்குக் கண்ணில் பட்டது அவ்வளவுதான். கேட்டம்மா தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

முடிவைச் சொல்ல நிபுணர் தனியாக வந்தாள். ஆளனுப்பாமல் தானே வந்தாளே, அதற்காகவாவது அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள் கேட்டம்மா.

"புகைபோக்கிக்கு மட்டும்தான்மா கிடைச்சிருக்கு. அதைச் சுத்தி வேலி போட்டுப் பாதுகாப்பாங்க. மத்த இடத்தை வங்கி வித்துடும். இஞ்சினை எடுத்துட்டு..." கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "எவ்வளவோ போராடிப் பாத்தேன்மா."

"நீங்க என்ன பண்ணுவீங்க மேடம்" என்றாள் கேட்டம்மா. அவளுக்கே ஆச்சரியம், தன் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

உள்ளே போனாள். ஜன்னலுக்கு அப்பால் வெயில் பட்டு இஞ்சின் கண்ணைப் பறித்தது.

"என்னவாம்?" என்று கத்தினார்.

குனிந்து காதோரம் சொன்னாள். "புகைபோக்கிக்கு மட்டும்தான் கொடுப்பாங்களாம். இஞ்சினுக்கு இல்லையாம். நாம வீட்டைக் காலி பண்ணணும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி இஞ்சினைப் பார்த்தார். "முழுசாப் பாத்தாங்கள்ல? சக்கரம், தகடு எல்லாத்தையும்?"

"பாத்தாங்க."

"பாத்துமா இல்லைன்னாங்க?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். நீங்கள் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்த இஞ்சினை நாம்தான், நம் கையால்தான். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

இஞ்சின்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல, ரெண்டாவது கோட் அடிங்கன்னு? நீதான் போதும் போதும்னு வாளியைக் கழுவ வச்ச. ஒரு கோட்டுல என்ன நிக்கும்? உன்னாலதான்டி போச்சு!"

"ஆமாங்க" என்றாள் கேட்டம்மா. அவர் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, காதில் விழும்படி சத்தமாகவே சொன்னாள். "என் தப்புதான். ரெண்டாவது கோட் அடிச்சிருக்கணும்."