துண்டு கட்டினால்தான் ஆட்டம்

அந்தத் தெருவில் முடி வெட்டுகிறவனுக்குக் கிராப்பு என்று பேர். அவன் தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது, அதனால் வைத்த பேர். கடை சின்னது. ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு, ரசம் போன ஒரு கண்ணாடி. கை சுத்தமான கை. காதோரம் கத்தி போகும்போது மூச்சை அடக்கிக்கொள்கிற ஆள். வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட்டவன் சகலை. கிராப்புவின் பெண்டாட்டிக்குத் தங்கையைக் கட்டினவன். நேர் எதிரே ஏசி வைத்து, சுவரை அடைத்து டிவி மாட்டி, சலூன் திறந்துவிட்டான். கிராப்பு கடைப் பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் அந்த டிவியை எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம், "இதோ வந்துடறேன்ணே" என்று எழுந்து போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

ஒருநாள் சகலையே வந்து வாசலில் நின்றான். "எதுக்குச் சகலை தனியாக் கெடந்து மல்லுக்கட்டறே? பேசாம கடையை மூடிட்டு நம்மகிட்ட வந்துடு. முடி கூட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்."

கிராப்பு அன்றைக்கு வீட்டில் போய் அதைச் சொன்னான்.

பெண்டாட்டி ஒரே போடாகப் போட்டாள். "என் தங்கச்சி புருஷன்கிட்ட நீங்க வெளக்கமாறு பிடிச்சீங்க, அப்புறம் நான் எங்கம்மா வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. பெஞ்சுல உட்கார்றவனை எந்திரிக்க விடாம உட்கார வைக்க வழியப் பாருங்க."

வழி பரண்மேல் இருந்தது. மச்சான் வெளியூர் வேலைக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போன பழைய கேம் பெட்டி. கையடக்கம்தான், ஆனால் செங்கல் கனம். பேட்டரி போட்டால் ஓடும். திரையில் வெளிச்சம் கிடையாது. ஜன்னல் பக்கம் காட்டிப் பிடித்தால்தான் உள்ளே நடப்பது தெரியும். கூடவே ஒரு பவுடர் டப்பா நிறைய கேசட். ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில் கிராப்பு அத்தனையையும் ஆடித் தீர்த்தான். அப்புறம் பெட்டியைக் கொண்டுபோய்ப் பெஞ்சில் வைத்தான்.

யாருக்கு எந்த ஆட்டம் என்று ஆளைப் பார்த்ததும் சொல்லிவிடுவான்.

"டிரைவருக்குக் கார் ஆட்டம் வேணாம்ணே. லீவு நாள்லயும் டூட்டி பார்த்த மாதிரி இருக்கும். மீன் புடிங்க. தூண்டிலைப் போட்டுட்டுச் சும்மா உட்காருங்க."

வாத்தியாருக்குக் குத்துச்சண்டை. "வகுப்புல கை ஓங்க முடியாதில்ல சார், இங்க ஓங்குங்க."

புதுமாப்பிள்ளைக்கு மேலேயிருந்து விழுகிற கட்டையை அடுக்குகிற ஆட்டம். "எது விழும்னு உனக்குத் தெரியாது, விழறதை வெச்சு ஒப்பேத்தணும். இப்பவே பழகிக்க தம்பி."

பெஞ்சு நிரம்பியது. எதிர்ப்பக்கம் ஒருத்தன் தலை திரும்பவில்லை. கிராப்பு சந்தோஷமாகத் துண்டை உதறினான். "அடுத்து யாரு?"

ஒருத்தரும் அசையவில்லை.

"சார் போங்க," என்றார் டிரைவர்.

"ஐயோ, நீங்கதானே முன்னாடி வந்தீங்க," என்றார் வாத்தியார்.

"பரவால்ல சார், நீங்க பெரியவங்க."

மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. வெட்டப் போனால் பெட்டி கைமாறிவிடுமே! பெஞ்சில் இடமில்லை, நாற்காலியில் ஆளில்லை. ஊரில் தாடி வளர்ந்ததுதான் மிச்சம்.

ரெண்டு நாள் பல்லைக் கடித்தான். மூன்றாம் நாள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "கழுத்துல துண்டு கட்டினவனுக்குத்தான் இனிமே ஆட்டம். மத்தவனெல்லாம் வேடிக்கை பாருங்க," என்று கத்தினான்.

நாற்காலி நிரம்பியது. அதிலும் ஒரு வில்லங்கம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாத்தியார் தலையைத் தொங்கப்போட்டுவிட்டார். பிடரியைச் செதுக்கி வைத்தான் கிராப்பு. முன்பக்கம் எட்டவே இல்லை. யோசித்து, ஜன்னலைத் திரை போட்டு மறைத்துவிட்டு, பல்பை உத்தரத்தில் மாட்டினான். பெட்டியை மூக்குக்கு நேரே தூக்கினால்தான் படம் தெரியும். தலை தானாக நிமிர்ந்தது.

டிரைவர் மட்டும் கார் ஆட்டம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். கொடுத்தான். முதல் வளைவில் வண்டி சாய்ந்தது, ஆளும் சாய்ந்தார், ஒரு பக்கக் கிருதா போயே போய்விட்டது.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றான் கிராப்பு, அடுத்த கிருதாவையும் எடுத்துச் சமன் செய்துகொண்டே.

அன்றிலிருந்து கட்டுத்திட்டம் வந்தது. சவரத்துக்கு மீன், ஆள் கல்லு மாதிரி அசையாமல் இருப்பான். முடிவெட்டுக்குக் கட்டை. காரும் குத்துச்சண்டையும் வேலை முடிந்து பவுடர் போடும்போது மட்டும்.

கூட்டத்தைப் பார்த்துப் பொறுக்காமல் சகலை ரோட்டைத் தாண்டி வந்தான். "இந்தப் பழைய டப்பாவை நம்பியா சகலை கடை நடத்தறே? கடைசியாக் கேக்கறேன்..."

"உட்கார்ந்து கேளு," என்று துண்டைக் கட்டி, பெட்டியைக் கையில் திணித்தான் கிராப்பு. "மீன் போட்டிருக்கேன். உனக்குத் தோதானது."

சோப்பு நுரைக்கு நடுவில் சகலை கண்ணைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. ஒரு பக்கத் தாடை முடிவதற்குள் அவன் கடை ஆள் ஓடிவந்தான். "மொதலாளி, ரெண்டு பேர் ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்காங்க!"

"கத்தாதடா, பெருசு ஒண்ணு கடிக்குது."

"அவங்க கிளம்பறோங்கறாங்க மொதலாளி!"

"எங்க போவாங்க? இங்கதானே வருவாங்க. வரட்டும், எனக்கு அடுத்து உட்காரட்டும்."

கிராப்புக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கத்தி சகலையின் தொண்டையில் இருந்ததால் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவசரப்படாமல் மறு தாடையையும் முடித்து, துடைத்துவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டான்.

சகலை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் கேட்டான். "இதுல இன்னும் பெருசா, ரொம்ப நேரம் ஓடற மாதிரி எதுனா இருக்கா?"

"குகைக்குள்ள சாவி தேடறது ஒண்ணு இருக்கு. பிரமாதமா இருக்கும். ஆனா சவரத்துல முடியாது சகலை, நடுவுல நிறுத்தினா முதல்லேர்ந்து ஆடணும். தலைமுடியை நல்லா வளர்த்துட்டு வா."

சகலை தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே ரோட்டைத் தாண்டினான். கடையை மூடச் சொல்ல வந்ததை அவன் மறந்தே போயிருந்தான். கிராப்பு ஞாபகப்படுத்தவில்லை. துண்டை உதறி, "அடுத்து யாரு?" என்றான். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் நாற்காலிக்குப் பாய்ந்தார்கள்.