அரைஞாண் கயிறு சொன்ன அளவு

பயம் வந்தால் சிலர் அழுவார்கள், நான் திட்டுவேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் முழுக்க என் கணவர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

அவர் மீன்சுருட்டி வழியாக அரியலூர் போகும் பஸ்ஸில் டிரைவர். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய அண்ணன் ஒரு நாள் காலை முந்திரிக் கொல்லைக்குக் கிளம்பியவர், வாசலிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. நல்ல கனத்த உடம்பு, சாகிற வயதும் இல்லை. அன்றிலிருந்து இவர் கொஞ்சம் பெருமூச்சு விட்டாலும் தைப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் இவர் அரைஞாண் கயிறு மாற்றுவார். பழையதைக் கழற்றி, அதே அளவில் புதியதை நறுக்கிக் கட்டிக்கொள்வார். “பாத்தியா, கல்யாணத்தப்ப கட்டுன அளவுதான். ஒரு விரக்கடை ஏறல” என்பார். ஊர்ப் பெண்களுக்கு எங்கே சதை போட்டிருக்கிறது என்று டேப்பைப் பிடித்துச் சொல்கிற நான், சொந்தப் புருஷன் விஷயத்தில் ஒரு கறுப்புக் கயிற்றை நம்பினேன். அந்த மடத்தனத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்சூரன்ஸ் எடுப்பதற்காக அரியலூரில் ஒரு டாக்டரிடம் உடம்பைக் காட்டப் போனோம். டாக்டர் மூச்சை இழுக்கச் சொல்லி மார்பை அளந்தார், விடச் சொல்லி அளந்தார். பிறகு டேப்பைத் தொப்புள் மேல் சுற்றினார்.

“மாரைவிட வயிறு மூணு இஞ்சு கூட இருக்கே. இது நல்லதில்ல.”

“அர்ணாக்கயிறு அளவு மாறவே இல்லீங்க சார்” என்றார் இவர்.

டாக்டர் கயிற்றைத் தொட்டுக் காட்டினார். “இது எங்க கெடக்கு பாருங்க. வயித்துக்குக் கீழ, இடுப்பெலும்புல. மேல தொப்பை எவ்வளவு வளந்தாலும் இதுக்கு எப்படித் தெரியும்? குடும்பத்துல யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கா?”

இவர் சட்டையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். நான்தான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கட்டாயம் வயிற்றைக் குறைக்க வேண்டும், வாராவாரம் தொப்புளுக்கு நேராக அளந்து பாருங்கள் என்றார்.

அன்று பஸ் ஸ்டாண்டு வரை திட்டிக்கொண்டே வந்தேன். பஸ் நிற்கிற ஓட்டல்களில் டிரைவருக்கென்று ஓசியில் வைக்கும் பரோட்டாவிலிருந்து ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அளந்தேன். “எனக்கும் ஜாக்கெட் தைக்கப் போறியா?” என்று கேலி செய்தபடி நிற்பார். ஏழு வாரம் டேப் அசையவில்லை. எட்டாவது வாரம் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. சந்தோஷமாக நிமிர்ந்து பார்த்தேன். முகம் சிவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மூச்ச விடுங்க” என்றேன்.

விட்டார். டேப் என் விரல்களுக்குள் வழுக்கிக்கொண்டு பழைய எண்ணுக்கே வந்தது.

“யாரை ஏமாத்தறீங்க? நான் கெடந்து அடிச்சிக்கிறேன், உங்களுக்குக் கொஞ்சமாச்சும் பயம் இருக்கா?”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

“மூணு தடவ நெஞ்சு வலிச்சிருச்சும்மா” என்றார். “ஒருதடவ வண்டியில முழு கூட்டம். ஓரமா நிறுத்திட்டு, இஞ்சின் சூடாயிருச்சுன்னு சொல்லிட்டு, கீழ எறங்கி நின்னேன். நீ பயப்படுவேன்னுதான் சொல்லல.”

டேப்பைச் சுருட்டாமலே கீழே போட்டேன். அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேறு யாரோ ஓட்டிய பஸ்ஸில் ஏறினோம். வழி நெடுக அவர் மணிக்கட்டில் விரலை வைத்து, நாடி அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.