ஹெரால்டுக்கு ஒரு கூரை

“கண்ணாடிய ஏத்துங்க. சட்டை நனைஞ்சா நீங்க வண்டிய எடுக்க வேண்டாமுங்க” என்று சொல்லி, கோயம்புத்தூர்க்காரரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்துகிறார் அறிவுச்செல்வி. மறுபக்கம் தானும் ஏறிக்கொள்கிறார். பின் சீட்டில், இவரைப் பற்றி எழுத வந்த நான். வெளியே வாட்டர் சர்வீஸ் சடையன், லாரி கழுவும் குழாயைக் காரின் துணிக் கூரைமேல் திருப்புகிறார். வண்டி எடுக்க வருகிறவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் இந்தக் குளியலிலிருந்து தப்ப முடியாது. முழுசாகப் பத்து நிமிடம்.

நாமக்கல் பரமத்தி ரோட்டில், லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது இவருடைய கொட்டகை. வயது நாற்பத்தேழு. இருபது வருடம் லாரிகளுக்குத் தார்பாய் தைத்தவர். ஒருநாள் ஒரு வியாபாரி, மடக்குக் கூரை கிழிந்த பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். இவர் அதற்குப் புதுக் கூரை தைத்துக் கொடுத்தார். பிறகு வரிசையாகப் பன்னிரண்டு கார்கள். அத்தனையையும் அந்த ஆள் ‘பம்பாய்க் கூரை’ என்று சொல்லியே விற்றிருக்கிறார். “நாமக்கல்லுன்னா லாரியும் முட்டையுந்தான் நெனப்பு வருமாட்ட இருக்குதுங்க” என்று இவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

அதனால்தான் இந்தப் பழைய இளநீல ஹெரால்டு கார் அவருக்கு அத்தனை முக்கியம். தானே வாங்கி, தன் பெயரைச் சொல்லி விற்கப்போகிற முதல் கார். சேந்தமங்கலம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில், பின் சீட் நிறைய முட்டை அட்டைகளோடு, கூரையில்லாமல் மொட்டையாகக் கிடந்ததாம். எஞ்சினை மெக்கானிக்குகளிடம் விட்டார். கூரையை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அளவெடுக்க டேப் கிடையாது, எல்லாம் சாண் கணக்குத்தான். கத்தரி வைக்கும்முன் துணியை முகர்ந்து பார்ப்பார். எதற்கு என்று கேட்டேன். “மெழுகு சரியா ஏறியிருக்குதான்னு வாசமே சொல்லிப்போடும் சாமி” என்றார். நானும் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் பெயர் குருமூர்த்தி. பழைய கார்கள் சேகரிப்பவர். ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரில் பழைய கார்களின் அணிவகுப்பு. இன்று ஹெரால்டு கிடைக்காவிட்டால், பெங்களூரில் பார்த்து வைத்திருக்கும் வண்டியை எடுத்துக்கொள்வேன் என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டார்.

எட்டாவது நிமிடம், அறிவுச்செல்வியின் முழங்காலில் ஒரு சொட்டு விழுந்தது.

குருமூர்த்தி கவனிக்கவில்லை. ஸ்டீயரிங்கைத் தடவி ரசித்துக்கொண்டிருந்தார். முந்தானையால் துடைத்துவிட்டு இவர் பேசாமல் இருந்திருக்கலாம். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன், சத்தியமாக.

“சடையண்ணா, நிறுத்துங்க!” என்று கத்தினார். எட்டித் தையலைத் தடவிப் பார்த்தார். “தப்பு எம்மேலதானுங்க. கடைசித் தையலுக்கு வரும்போது பருத்தி நூல் தீந்துபோச்சு. தார்பாய் தெச்ச பழக்கத்துல நைலான் நூலக் கோத்துப்போட்டேன். பருத்தி நூல் நனைஞ்சா ஊதி, ஊசி ஓட்டைய அடைச்சுக்கும். நைலான் ஊதாதுங்க.”

“ஒரு சொட்டுதானுங்களே அக்கா! மழையில யாரு இத எடுக்கப் போறாங்க? அப்படியே குடுங்க, சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்.”

“பிரிச்சுத் தெச்சு திங்கக்கிழமை தாரனுங்க.”

“எனக்கு ஞாயித்துக்கிழமைக்கு வேணுமுங்க. இல்லீன்னா பெங்களூர் வண்டிதான்” என்று செல்போனைக் கையில் எடுத்தார் குருமூர்த்தி.

அறிவுச்செல்வி இடுப்பிலிருந்து பிளேடை உருவி, தலைக்கு மேலே அந்தத் தையலின் நுனியில் வைத்து இழுத்தார். கூரையில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவர் தலையிலேயே கொட்டியது. கை நிற்கவில்லை.