பேஸ் அண்ணாவின் ரப்பர் வளையங்கள்

அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் எல்லோருக்கும் அவர் பேஸ் அண்ணா. ஒல்லியான ஆள், தோளில் கனத்த பேஸ் கிடார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதன் கறுப்புத் தோல் வாரை இரண்டு முனையிலும் சுண்டி இழுத்துப் பார்ப்பார். வார் கிடாரின் பட்டனிலிருந்து நழுவாமல் இருக்க, அதன்மேல் ஒரு ரப்பர் வளையத்தை அழுத்தி மாட்டியிருப்பார்.

மர்பி டவுனில் எங்கள் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை பிராக்டீஸ். அன்று கார்ப்பரேஷன் தண்ணீர் வராது. வாளித் தண்ணீரில் கை கழுவ பாத்ரூமுக்குப் போகிற பேஸ் அண்ணா வெளியே வர வெகுநேரமாகும். திங்கட்கிழமை தண்ணீர் வந்ததும் குழாய் சொட்டும்; அம்மா ஒவ்வொரு முறையும் உள்ளே புது ரப்பர் வாஷர் போடுவாள். ஒரு வாரம் டிரம்மர் வீட்டில் வாசித்தோம். மறுநாள் அவன் வீட்டுக் குழாயும் சொட்டியது. எனக்கு உறுத்தியது.

அடுத்த முறை அவருடைய கிடார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்பானர் இருந்தது.

"இது எதுக்குண்ணா?"

"பேஸுக்குத்தான்."

"இந்த ரப்பர்? புச்சா இருக்கே, எங்க வாங்கினீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிடார் ஒரு வாட்டி கீழ வுழுந்தா கழுத்து முறிஞ்சிடும் தம்பி. அதான் நான் எதையும் நம்பறதில்ல."

மறுநாள் பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயைக் கழற்றினோம். வாஷர் இருந்தது. ஆனால் அம்மா புதிதாகப் போட்ட வாஷர் அல்ல, நசுங்கிப்போன பழசு. அதன் விளிம்பில் கறுப்புத் தோல் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

எதையும் நம்பாத மனிதர், எங்கள் வீட்டு வாஷரை மட்டும் எப்படித்தான் நம்பினாரோ.