கீலுக்குப் போட்ட எண்ணெய்

பழங்காநத்தம் வீட்டு மாடியில், மரம் செதுக்க நான் வைத்திருக்கும் சின்ன சி.என்.சி. மெஷின் ஒரு வாரமாகக் கிறீச்சிட்டது. இன்று காலை அதன் பால் ஸ்க்ரூவை, அந்த நீளமான திருகுத்தண்டை, துணியால் துடைத்து எண்ணெய் விட்டேன். நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஓடவிட்டதும் சத்தம் நின்றுபோனது.

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வாசல் கதவின் சத்தமும் இப்படித்தான் நின்றது. மில்லில் இரவு வேலை பார்த்த அப்பா, பகலில் முன்னறையில் தூங்குவார். கதவு லேசாக முனகினாலும், "யாரு வெளிய போறது?" என்று எழுந்துவிடுவார். ஒருநாள் அக்கா ஸ்டூலில் ஏறி, கோழியிறகால் கீலில் விளக்கெண்ணெய் தடவுவதைப் பார்த்தேன். அவள் விரலை உதட்டில் வைத்தாள். மறுநாள் மத்தியானம், தான் விரும்பியவரோடு போய்விட்டாள். அப்பா விழிக்கவே இல்லை.

"நீ எதும் பாத்தியா தாயி?" என்று அவர் கேட்டபோது இல்லை என்றேன். சாகும்வரை அவர் அக்கா பேரை எடுக்கவில்லை. அதை என் தப்பாகவே நான் சுமந்துகொண்டிருந்தேன்.

மாடியிலிருந்து இறங்கி வந்தேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள்.

"எண்ணெ போட்டேம்மா." கையைத் துடைத்துக்கொண்டே, "அன்னைக்கு அக்கா கதவுக்கு எண்ணெ போட்டத நான் பாத்தேன்" என்றேன்.

அம்மா நிமிரவில்லை. "எண்ணெய எடுத்துக் குடுத்ததே நான்தான்."

"இம்புட்டு வருசமா சொல்லவே இல்லையேம்மா?"

"நீயுந்தான் சொல்லல."

எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இன்னொரு கத்தியை எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் காயை நறுக்கினேன்.