இரண்டு பிள்ளையார், ஒரு சேர்வர்

பல்லேபொல பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா மடியில் ஒரு உரப்பை வைத்திருந்தார். உள்ளே காயவைத்த கராம்பு. பஸ் குலுங்கும்போதெல்லாம் வாசம் எழும்பி மூக்கில் ஏறியது. உங்களுக்குக் கராம்பு என்றால் புரியாணியோ பல்வலியோ ஞாபகம் வரும். எனக்கு உள்ளங்கை வேர்க்கும். சிரிக்காதீர்கள், அன்றும் வேர்த்தது. காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

ஒரு காலத்தில் நான் மாத்தளை டவுனில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள். எதையாவது கழற்றி மறுபடி பூட்டினால் வேலை செய்யும் என்பதுதான் என் படிப்பு. மலைப்பக்கம் இடி முழங்கிய ஒரு பின்னேரம் எங்கள் சேர்வர் கருகிப்போனது. ஊராருடைய மூளையும் முதுகெலும்பும் படங்களாக அதற்குள் இருந்தன. நல்ல காலம், பேக்கப் தனியாக ஒரு சின்ன டிஸ்க்கில் இருந்தது. அதை இறக்கி விரிக்க இன்னொரு சேர்வர் வேண்டும்.

மறுநாள் காலையிலேயே வில்கமுவயிலிருந்து சோமா அக்கா வந்து நின்றார். வாசலில் வேன். வேனுக்குள் அவர் புருஷன் கண்மூடிப் படுத்திருந்தார். கண்டியில் தலையில் ஆபரேஷன். கட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க முன்பு எடுத்த படம் வேண்டும், அது இல்லாமல் கத்தி வைக்கமாட்டேன் என்றாராம் டொக்டர். வீட்டில் இருந்த பிலிமோ மழை ஒழுக்கில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது.

"மல்லி, இன்னைக்கு விட்டா டேட் போயிரும். அடுத்த டேட் வரைக்கும் இவரு தாங்க மாட்டாரு" என்றார், சிங்களம் இழுத்த தமிழில். மல்லி என்றால் தம்பி.

பக்கத்துக் கட்டடம் கராம்பு ஸ்டோர். மேல்மாடியில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு சேர்வர். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தியாகு அண்ணன். அக்காவோடு மேலே ஏறிப்போய் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உக்காருங்க தம்பி. இடம் தாராளமா இருக்கு. வாசந்தான் கொஞ்சம் தலையச் சுத்தும்."

எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம். புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, முதல் ஃபோல்டருக்குப் 'பிள்ளையார்' என்று பெயர் போடுவோம். மற்றதெல்லாம் அவருக்குள்ளேதான் அடக்கம். நான் டிஸ்க்கைச் செருகினேன். பழைய இடத்திலேயே வைக்கவா என்று திரை கேட்டது. பழைய இடம்தானே என்று விரல் பட்டனுக்குப் போய்விட்டது.

"ஐயோ, நிப்பாட்டுங்க!" தியாகு அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

அவருடைய டிஸ்க்கிலும் அதே இடத்தில் பிள்ளையார். கப்பலில் போகிற கராம்புக்கான கடதாசியெல்லாம் அதற்குள். அழுத்தியிருந்தால், அவருடையதைத் துடைத்துவிட்டு எங்களுடையது போய் உட்கார்ந்திருக்கும்.

"எங்க பிள்ளையாரக் கெளப்பிட்டு ஒங்க பிள்ளையாரக் குடிவைக்கப் பாத்தீங்களே! தம்பிக்காரன் பேர்ல வேற வீடு கட்டுங்க."

சிரிக்கத்தான் வேண்டும். வேர்த்த உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தேன். 'வேறு இடம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, படங்களை 'முருகன்' என்றொரு ஃபோல்டருக்கும், பெயர்ப்பதிவை 'வள்ளி' என்று இன்னொன்றுக்கும் அனுப்பினேன். பச்சைக் கோடு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. வெளியே வானம் உறுமியது. லைட் ஒருமுறை மங்கி எழும்பியபோது எங்கள் மூன்று பேருடைய மூச்சும் சேர்ந்து மங்கியது. கீழே வேன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தான். சோமா அக்கா ஒரு மூட்டையில் சாய்ந்து, கராம்பு மொட்டுகளை நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டார்.

முடிந்தது. பெயரை அடித்தேன், வந்தது. படத்தைத் திறந்தேன், முழுக் கறுப்பு.

"ஆள் இருக்கு, தலையக் காணமே" என்றார் தியாகு அண்ணன், மெதுவாக.

அக்காவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே தேடினேன். பெயர்ப்பதிவு இன்னமும் பழைய விலாசத்துக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த விலாசத்தில் பிள்ளையாரை அழித்து முருகனை எழுதினேன். கறுப்புக்குள்ளிருந்து சாம்பல் நிறம் கசிந்து, ஒரு மண்டையோடு நிலவு போல மேலெழுந்தது.

"அபே மஹத்தயா", எங்கள் ஐயா, என்றார் சோமா அக்கா, வயலிலிருந்து வீடு திரும்பிய புருஷனைக் கண்டவர் மாதிரி.

இப்போது அந்த ஸ்டோர் டைல்ஸ் கடை. அந்தச் சேர்வரை இரும்புக்கு அள்ளிப்போய்விட்டார்கள். தியாகு அண்ணன் மகளோடு கடல் கடந்துவிட்டார். ஸ்கேன் சென்டரும் பூட்டியாயிற்று, விசாரிக்க ஆளில்லை. எல்லாருடைய கோப்புகளும் இன்று ஏதோ ஒரு தேசத்தில், நான் ஒருநாளும் மோந்து பார்க்க முடியாத அறைகளில் இருக்கின்றன. பக்கத்துக் கடையில் போய் டிஸ்க்கில் கொஞ்சம் இடம் கேட்கிற வழக்கம் யாருக்கும் இல்லை.

அந்த மனுஷன் பிழைத்தாரா, தெரியாது. அன்று படத்தை சீடியில் போட்டுக் கொடுத்து வேன் வரைக்கும் போனேன். புருஷன் தலையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு, கதவைச் சாத்தப்போன சோமா அக்கா மறுபடி திறந்தார்.

"மல்லி, இவரு திரும்பி வாற வரைக்கும் அந்தப் பெட்டி உள்ளுக்கு இருக்கிறத அழிச்சிராதீங்க."