குற்றம் பொறுக்க வேண்டும் என்று எழுதினேன்

மனு எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. வாத்தியாருக்கு இருபத்தொன்பது. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆற்றோரக் கிட்டங்கியில் பன்னிரண்டு வருஷம் வெயிலில் நின்று அரிசி மூட்டைகளை எண்ணிக் கோடு கிழித்தவனுக்கு, உட்கார்ந்து செய்கிற வேலை எதுவானாலும் சொர்க்கம்தான். கோர்ட்டுக்குப் போகிற வழியில், கடை வாசல்களை ஒட்டிய அஞ்சடி நடையில், மனு எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மேசை, ஒரு மைக்கூடு, எதிரே வருகிறவனுக்கு ஒரு முக்காலி. மேல்மாடி நிழல் தரும். நானும் அப்படி உட்கார ஆசைப்பட்டேன்.

வகுப்பு சிராங்கூன் ரோட்டில், மாவு மில் ஒன்றின் மேல்மாடியில் நடந்தது. வாரத்தில் மூன்று சாயங்காலம், நான்கு மாதம். நம் வியாபாரிகள் சிலர் சேர்ந்து அறை வாடகையும் தாளும் கொடுத்தார்கள். ஒன்பது பேர் படித்தோம். கீழே மில் ஓடினால் மேலே பெஞ்சு நடுங்கும், எழுத்து கோணும். கோணியதற்கும் வாத்தியார் திட்டுவார்.

இங்கிலீஷ் மனுவுக்கு அவர் ஒரு சூத்திரம் வைத்திருந்தார்.

"முதல்ல பாதம். அப்புறம் கண்ணீர். கடைசியில வேண்டுதல். இந்த மூணும் இருந்தா அது மனு. இல்லாட்டி மளிகைச் சீட்டு."

என் பக்கத்தில் உட்காருகிறவர் நாகூர்ப் பக்கத்துக்காரர், துணிக்கடையில் கடிதம் எழுதுகிறவர். பாய் என்றே கூப்பிடுவோம். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"விஷயம் எங்க வரும் வாத்தியாரே?"

"கண்ணீருக்கு நடுவுல ரெண்டு வரி போதும்."

"அப்ப விஷயம் நனைஞ்சு போயிடும் லா."

எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு மனப்பாடம் செய்தோம். பாதம் என்ற பகுதிக்கு மட்டும் பதினோரு வாக்கியங்கள் கொடுத்திருந்தார். எல்லாவற்றின் சாரமும் ஒன்றே: அறியாமையால் அடியேன் செய்த குற்றங்களைப் பொறுத்தருள வேண்டும். நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. சாமி முன்னால் பாடி முடித்தால் பிழை பொறுக்கச் சொல்கிறோம். கல்யாணச் சாப்பாடு போட்டு அனுப்பும்போது 'குறை இருந்தா மன்னிக்கணும்' என்கிறோம். அதற்காகச் சாம்பாரில் உப்பு இல்லை என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. வாத்தியார் அதைத்தான் இங்கிலீஷில் போட்டுக் கொடுத்தார். எனக்கும் அது சரியாகவே பட்டது. இரண்டாம் மாதம் முடிவதற்குள் பதினொன்றும் எனக்குத் தலைகீழாக வரும். கர்வமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது.

அக்கா எருமை ரோட்டுக்குப் பின்னால் ஆறு மாடு வைத்துப் பால் விற்றாள். அத்தான் உடம்பு நீர் கோத்துச் செத்துப்போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண்கள். கொட்டகை லைசென்ஸ் அத்தான் பேரிலிருந்து அவள் பேருக்கு மாறியதே பெரும்பாடு. அது ஒருமுறை போனால் ஊருக்குள் இன்னொரு கொட்டகைக்கு யாரும் லைசென்ஸ் தரமாட்டார்கள். மாடுகளை விற்றுவிட்டு அவள் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியதுதான்.

சுகாதார ஆபீஸ் நோட்டீஸ் சொன்னது இது: கொட்டகைக் கழிவு வடிகாலில் சேர்ந்து அடைத்து நாறுகிறது, கொட்டகையை மூடக்கூடாது என்பதற்குக் காரணம் இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும். வடிகாலை நாங்கள் லோங்காங் என்போம். அந்த லோங்காங்குக்கு மேல்புறம் அன்னாசிப் பழத்தை டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. மனு எழுத எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அதுதான் என் மனதில் இருந்தது.

ஒரே மூச்சில் எழுதினேன். பாதம் எட்டு வரி. கண்ணீர் பன்னிரண்டு வரி, விதவை, பெண்குழந்தைகள், கடவுள் எல்லாம் அதில் உண்டு. எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அக்கா மாட்டுக்குப் பிண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதினதைத் தமிழ்ல சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"நிறுத்து. நான் என்னடா குத்தம் செஞ்சேன்?"

"அது சும்மாக்கா. மனுன்னா அப்படித்தான் ஆரம்பிக்கணும்."

"அன்னாசித் தோலைக் கொட்டுறவன் அந்த டப்பாக்காரன். மன்னிப்பு நான் கேக்கணுமா?"

"உனக்கு எழுத்து தெரியுமா? தெரிஞ்சவன் சொல்றேன்ல? கைநாட்டு வை."

"துரை படிச்சா நான்தான் செஞ்சேன்னு நினைக்கமாட்டானா?"

"அவனுக்கு வழக்கம் தெரியும். பேசாம வைக்கா, எனக்கு வேலை இருக்கு."

வைத்தாள். கட்டைவிரல் ஈரமாக இருந்ததால் மை பரவியது. அதற்கும் நான் அவளைக் கடிந்துகொண்டேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கொட்டகையில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். மனுதாரர் தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருப்பதால் விசாரணை அவசியமில்லை. பதினான்கு நாட்களுக்குள் மாடுகளை அகற்ற வேண்டும். லைசென்ஸ் ரத்தாகும்.

"என்ன போட்டிருக்கான்?" என்றாள் அக்கா.

சொன்னேன். அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைச்சுமையை இறக்கி வைக்கிறவள்போல மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். பெரிய பெண் ஓடிவந்து "என்னம்மா?" என்று கேட்டபோது, "உங்க மாமன் எழுதப் படிச்சுட்டான்டி" என்றாள்.

அன்று சாயங்காலம் வகுப்புக்குப் படியேறினேன். பதிலை வாத்தியார் மேசையில் போட்டேன். படித்தார். முகம் மாறவில்லை.

"கண்ணீர் பத்தலை. இன்னொண்ணு போடுங்க. நான் திருத்தித் தர்றேன்."

"செய்யாத குத்தத்தை ஒத்துக்கிட்டதா அவன் எழுதியிருக்கான். அது நீங்க கொடுத்த வாக்கியம்."

"வாக்கியம் நான் கொடுத்தேன். அதை உங்க அக்கா வாயில வச்சது யாரு?"

எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. மேசையைத் தள்ளிவிட எழுந்தேன். பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"அண்ணே, காலைத் தொட்டீங்க. அவன் காலைத் தூக்கித் தலையில வச்சுட்டான். இப்ப வாத்தியாரை அடிச்சா கால் இறங்குமா?"

வாத்தியார் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதிதான் என்னை எரித்தது. இன்றும் அந்த ஆள்மீது எனக்கு மரியாதை இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதை மறைக்கமாட்டேன்.

மறுநாள் கிட்டங்கிக்குப் போகவில்லை. காலையிலேயே கொட்டகைக்குப் போய், "என்ன நடந்துச்சுக்கா? முதல்லேர்ந்து சொல்லு" என்றேன்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

"இப்பத்தான் தோணுச்சு."

 அவள் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வேலி ஓரம் போய் லோங்காங்கில் ஊற்றினாள். தண்ணீர் அன்னாசித் தோல்களைத் தள்ளிக்கொண்டு நேராக எங்கள் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றது. இன்னொரு வாளியைக் கொட்டகை வாசலில் ஊற்றினாள். அது வேலிப் பக்கம் ஒரு முழம்கூட ஏறவில்லை. அவ்வளவுதான். சாணத்தை அவள் கூடையில் அள்ளித் தோட்டக்காரச் சீனருக்குக் கொடுத்துவந்தாள். ஒரு பிடி லோங்காங்கில் விழுந்ததில்லை. இத்தனை மாதமாக எதைப் படித்துக் கிழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த வாரம் வாத்தியார் புதிதாக ஒன்று கேட்டார். வகுப்புக்கு உதவுகிற வியாபாரிகள் பார்வையிட வருகிறார்களாம். ஒவ்வொருவரும் 'நான் கற்றதும் வளர்ந்ததும்' என்று ஒரு பக்கம் எழுதி, அவர்கள் முன்னால் படிக்க வேண்டுமாம். அதற்கும் மாதிரி வைத்திருந்தார். இருளில் இருந்தேன், விளக்குக் கிடைத்தது, தயாளர்களின் பாதங்களுக்கு நன்றி. ஒன்பது பேரும் ஒன்பது விளக்கு ஏற்ற வேண்டியதுதான்.

நான் பேனாவை எடுத்தேன். விளக்கு வரவில்லை. வந்தது இதுதான்: என் அக்கா குற்றம் செய்யவில்லை என்று என்னிடம் சொன்னாள். நான் அவளை அதட்டிக் கைநாட்டு வாங்கினேன். மன்னிப்புக் கேட்ட வரிகள் அவளுடையவை அல்ல. நான் வகுப்பில் மனப்பாடம் செய்தவை. நடந்ததை அவளிடம் கேட்காமல் எழுதினேன். பிறகு கேட்டேன். கேட்டபோது அவள் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். தண்ணீர் எப்படிப் போனது என்பதையும் எழுதினேன். ஒரு பக்கம் முடிந்துவிட்டது. கண்ணீர் என்று ஒரு வரி கிடையாது.

பாய் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார். சிரிக்கவில்லை.

"அண்ணே, இதை ஏன் கடைக்காரனுங்ககிட்ட படிக்கிறீங்க? இங்கிலீஷ்ல போட்டு ஆபீஸுக்கு அனுப்புங்க."

"இதுவா? இது மனு இல்லையே."

"அதனாலதான் சொல்றேன்."

வாத்தியாருக்கு அது காதில் விழுந்துவிட்டது. தாளை வாங்கிப் படித்தார். இந்த முறை முகம் மாறியது.

"இதை அனுப்பினா இந்த வகுப்பு மானம் போகும். உங்க மானமும் போகும். கட்சிக்காரி சொன்னதை எழுதலை, நானா எழுதினேன்னு எந்த மனு எழுதுறவன் ஒத்துக்குவான்? நாளைக்கு அஞ்சடியில உங்க முக்காலியில ஈ உட்காருமா?"

"அக்கா கொட்டகை போயிடும் வாத்தியாரே."

"அதுக்குத்தான் இன்னொரு மனு போடுங்கன்னேன். இதை அனுப்பினா இங்க வராதீங்க. சர்ட்டிபிகேட்டும் கிடையாது."

பொய் சொல்லமாட்டேன். அன்றிரவு யோசித்தேன். மேசையும் மைக்கூடும் கண்ணெதிரே வந்தன. வாத்தியார் திருத்தித் தரும் மனு ஒருவேளை பலித்துவிட்டால் இரண்டும் எனக்கு மிஞ்சும் என்றும் கணக்குப் போட்டேன். நாள்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது மிச்சம். இன்னொரு பாதத்துக்கு அதில் இடமில்லை.

காலையில் இங்கிலீஷில் எழுதினேன். எனக்குத் தெரிந்த சின்னச் சின்ன வார்த்தைகள் மட்டும். கொண்டுபோய் அக்காவிடம் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். ஆறு மாடு இல்லை, ஐந்து மாடு ஒரு கன்று. தோல் கொட்டுவது தினமும் இல்லை, டப்பா அடைக்கிற பருவத்தில். எழுதியதை அடித்து மாற்றினேன். அவள் கைநாட்டுக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஆபீசில் தாள் வாங்கியவர் ஒரு யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா. படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முந்தின மனுவும் உம்முடையதோ?"

"ஆமாங்க."

"ஒரே ஆள் ரெண்டு விதமாய் எழுதினால் எதை ஐயா நம்புறது?"

"வந்து பாருங்க. தண்ணி ஊத்திக் காட்டுறோம்."

"ஓம், நாங்கள் தண்ணி பார்க்கத்தானே சம்பளம் வாங்குறோம்" என்றபடி தாளைக் காகிதக் கட்டுக்குள் செருகினார்.

அதற்கப்புறம் கழிந்த நாள்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. மாட்டு வியாபாரி ஒருவன் தினம் வந்து கொட்டகை வாசலில் நின்றான்; ஒவ்வொரு நாளும் விலையைக் குறைத்தான். அக்கா அவனைத் துரத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வகுப்புக்கு நான் போகவில்லை. வியாபாரிகள் வந்தார்கள், எட்டு விளக்கு எரிந்தது என்று பாய் வந்து சொன்னார்.

பதின்மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு ஒரு துரை, அந்தக் குமாஸ்தா, நோட்டீஸ் கொடுத்த இன்ஸ்பெக்டர் மூவரும் வந்தார்கள். துரை கையில் என் தாள் இருந்தது. வாளியைக் காட்டினார். அக்கா ஊற்றினாள். தண்ணீர் வந்தது. தோல் வந்தது. துரை பூட்ஸைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இரண்டாவது வாளியைத் தாமே வாங்கிக் கொட்டகை வாசலில் ஊற்றி, குனிந்து பார்த்தார். இன்ஸ்பெக்டரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அந்த ஆள் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

போகும்போது குமாஸ்தா என்னருகில் நின்றார்.

"இந்தத் தாளாலே முந்தின மனு செல்லாது. கடிதம் வருமட்டும் மாடுகள் நிக்கட்டும். ஆனால் ஒண்டு சொல்லுறன். இனி உம்முடைய கையெழுத்திலே எது வந்தாலும் நாங்கள் ரெண்டு தரம் யோசிப்பம்."

யோசிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். 

அதற்கு நான்காம் நாள் கடிதம் வந்தது. உறை கையில் கிடைத்ததும் அக்கா மாட்டுப் பக்கம் போகவில்லை, என் எதிரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். படித்துச் சொன்னேன். லைசென்ஸ் ரத்து உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தொழிற்சாலைக்குத் தனி நோட்டீஸ் போகிறது.

"இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"இன்னும் ஒரு தடவ. மெதுவா."

படித்தேன்.

"அதுல எங்கயாவது நான் தப்பு செஞ்சேன்னு இருக்கா?"

"இல்லக்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. நீ சொன்னா எனக்கு நம்பிக்கையில்ல."

வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தேன். இல்லை என்றேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, துணிக்கடைப் பாயிடம் காட்டிக் கேட்டு வரச் சொல்லிப் பெரிய பெண்ணை அனுப்பினாள். அவள் திரும்பி வரும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.